நிலவிலிருந்து தெரியும் சுவரும் மகளின் 'பழைய உண்மை'யும்

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் ஒரு செய்தி போட்டார். "மனிதன் கட்டியதிலேயே மகத்தானது சீனப் பெருஞ்சுவர். நிலவிலிருந்து வெறுங்கண்ணுக்குத் தெரியும் ஒரே கட்டுமானம் அதுதான்." அது தவறு, அப்படியெல்லாம் தெரியாது என்று நான் எழுதினேன். "அது உன் கருத்து, இது என் கருத்து, விடு" என்று முடித்துவிட்டார். அதே வாரம் ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். பத்து வாக்கியங்களுக்கு எதிரே 'உண்மை' அல்லது 'கருத்து' என்று எழுத வேண்டும். "புளூட்டோ ஒரு கோள்" என்பதற்கு எதிரே அவள் 'பழைய உண்மை' என்று எழுதியிருந்தாள். ஆசிரியை சிவப்பு மையால் அடித்து, பத்துக்கு ஒன்பது போட்டுவிட்டார். அதைப் பார்த்த அண்ணன், "பார்த்தியா, உங்க உண்மையே மாறுது. எல்லாமே கருத்துதான்" என்று சிரித்தார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அண்ணனுக்கு அறிவியல் மேல் மரியாதையே கிடையாது என்பது உண்மை, அவரை விடுங்கள். மகளுக்கு என்ன சொல்வது? பேசாமல் குழுவிலிருந்து விலகிவிடலாமா?
— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகச் செய்தி டெஸ்க்கில் உட்கார்ந்து, அடுத்தவர் எழுதிய வாக்கியங்களைப் பிரித்து மேய்வதுதான் என் பிழைப்பு. அதனால் அண்ணன் போட்ட செய்தியிலிருந்தே தொடங்குகிறேன். அவர் போட்டதில் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. ஒன்றின் தோளில் இன்னொன்று ஏறிக்கொண்டு வருகிறது.

"மனிதன் கட்டியதிலேயே மகத்தானது" என்பது கருத்து. 'மகத்தானது' என்பதை அளக்க எந்தக் கோலும் இல்லை. உங்கள் அண்ணனுக்குப் பெருஞ்சுவர் என்றால் இன்னொருவருக்குப் பிரமிடு. இரண்டு பேரும் விடியவிடியப் பேசலாம், யாரும் தோற்க வேண்டியதில்லை.

"நிலவிலிருந்து வெறுங்கண்ணுக்குத் தெரியும்" என்பது அப்படியல்ல. இதைச் சரிபார்க்கலாம். சுவரின் அகலம் சில மீட்டர்கள். நிலவு சராசரியாக 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு தலைமுடியை நாலைந்து கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துவிட்டு 'தெரிகிறதா' என்று கேட்பதற்குச் சமம். நிலவு வரை போக வேண்டாம். 2003 அக்டோபரில் ஷென்சோ 5 விண்கலத்தில் போன யாங் லிவெய், சீனாவின் முதல் விண்வெளி வீரர், சில நூறு கிலோமீட்டர் உயரத்தில்தான் பூமியைச் சுற்றினார். சுவர் தன் கண்ணில் படவில்லை என்று திரும்பி வந்து சொன்னார். சொந்த நாட்டுப் பெருமை என்று பார்த்தால் தெரிந்தது என்று சொல்ல அவருக்குத்தான் காரணம் அதிகம், அவரே சொல்லவில்லை. பின்னால் சிலர் சுற்றுப்பாதையிலிருந்து நல்ல லென்ஸ் போட்டுப் படம் பிடித்தது உண்டு. லென்ஸ் வெறுங்கண் ஆகாது, சுற்றுப்பாதை நிலவும் ஆகாது. வேடிக்கை என்னவென்றால், மனிதன் விண்வெளிக்குப் போவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தக் கூற்று அச்சில் வந்துவிட்டது. யாரும் போய்ப் பார்க்காமலே 'தெரியும்' என்று எழுதிவிட்டார்கள்.

ஆக, அண்ணன் சொன்னது கருத்தே இல்லை. தவறான தகவல். 'கருத்து' என்ற பட்டம் கொடுத்ததால் அதற்கு ஒரு பாதுகாப்பு கிடைத்துவிட்டது. சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது, இதில் நம் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு.

'உண்மை' என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம். 'பொய்' என்பதற்கு எதிர்ச்சொல்லும் அதுதான். பாடப் பயிற்சியில் 'கருத்து' என்பதற்கு எதிரே நிற்பதும் அதுதான். இதனால் குழந்தைகளின் மனதில் ஒரு சமன்பாடு உட்கார்ந்துவிடுகிறது: கருத்தாக இல்லாதது எல்லாம் உண்மை, உண்மையாக இல்லாதது எல்லாம் கருத்து. அப்படியானால் "பூமி தட்டையானது" என்ற வாக்கியத்தை எந்தப் பெட்டியில் போடுவது? உண்மைப் பெட்டியில் போட மனசு வராது. கருத்துப் பெட்டியில் போட்டால், 'அவரவர் கருத்து அவரவருக்கு' என்று பூமியின் வடிவத்தைக்கூட விருப்பத்துக்கு விட்டுவிட வேண்டியதுதான். பெட்டி இரண்டு போதாது என்பதே விஷயம். நான் டெஸ்க்கில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் 'உண்மையா கருத்தா' என்று கேட்பதில்லை. 'இதைச் சரிபார்க்க முடியுமா, முடியாதா' என்றுதான் கேட்பேன். முடியும் என்றால் அது தகவல் கூற்று. சரிபார்த்த பிறகுதான் அது மெய்யா பொய்யா என்ற பேச்சே வரும். இந்த இரண்டு படிகளையும் ஒரே தாவலில் தாண்டப் போய்த்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள்.

இப்போது உங்கள் மகளுக்கு வருவோம். ஆசிரியை எதிர்பார்த்த விடை எது என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் இடிக்கிறது. 'உண்மை' என்று எதிர்பார்த்திருந்தால், அந்தப் பயிற்சித்தாள், புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து நீக்கிய 2006க்கு முந்தையது. 'கருத்து' என்று எதிர்பார்த்திருந்தால், கோள் என்பது ஏதோ ரசனை சமாச்சாரம் என்றாகிவிடும். உள்ளதற்குள் குழந்தை எழுதியதுதான் புத்திசாலித்தனமான விடை. ஆனாலும் அது முழுக்கச் சரியில்லை. ஏன் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தால் அண்ணனுக்கும் பதில் அதிலேயே வந்துவிடும்.

புளூட்டோவைக் கண்டுபிடித்தது 1930இல். அப்போது அது ஏறக்குறைய பூமி அளவுக்கு இருக்கும் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். ஆண்டுகள் போகப்போக அந்த மதிப்பீடு சுருங்கிக்கொண்டே வந்தது. 1978இல் அதன் துணைக்கோள் காரன் தென்பட்டதும் நிறையைக் கணக்கிட வழி பிறந்தது. பூமியின் நிறையில் ஐந்நூறில் ஒரு பங்குதான் தேறியது. 2015 ஜூலையில் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் பக்கத்திலேயே போய் அளந்ததில் விட்டம் ஏறத்தாழ 2,377 கிலோமீட்டர் என்று வந்தது. இத்தனைக்கும் நடுவே புளூட்டோ இளைக்கவில்லை, நம் அளவுதான் திருந்தியது.

2005இல் ஏரிஸ் என்ற இன்னொரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. புளூட்டோவைவிடப் பெரியது என்றே அப்போது நினைத்தார்கள். புளூட்டோ கோள் என்றால் ஏரிஸும் கோள்தானே? அதன் பின்னால் இன்னும் எத்தனை வருமோ? இந்த நெருக்கடியில்தான் சர்வதேச வானியல் ஒன்றியம் 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராக் நகரில் வாக்கெடுத்து, கோள் என்றால் என்ன என்று வரையறுத்தது. சூரியனைச் சுற்ற வேண்டும், உருண்டையாக இருக்க வேண்டும், தன் பாதையின் சுற்றுப்புறத்தைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும் (அதாவது அந்தப் பாதையருகே தனக்கு நிகரான வேறு பொருள்கள் இருக்கக் கூடாது) என்று மூன்று நிபந்தனைகள். மூன்றாவதில் புளூட்டோ தேறவில்லை. குறுங்கோள் ஆயிற்று.

'வாக்கெடுத்து உண்மையை முடிவு செய்யலாமா' என்று அண்ணன் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அங்கே வாக்கெடுத்தது புளூட்டோவின் விட்டத்துக்கு அல்ல, ஒரு சொல்லின் எல்லைக்கு. அந்த ஆகஸ்ட் மாலையில் புளூட்டோவில் ஒரு தூசுகூட இடம் மாறவில்லை. கீழே நம் அகராதியில்தான் ஒரு கோடு மாறியது. அந்தக் கோடு சரியான இடத்தில் போடப்பட்டதா என்று வானியலாளர்களே இன்றும் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டைதான் அசல் கருத்து வேறுபாடு. ஆகவே மகள் எழுதியிருக்க வேண்டியது 'பழைய உண்மை' அல்ல, 'பழைய வரையறை'. பத்து வயதில் இவ்வளவு நெருங்கி வந்த குழந்தைக்கு நானாக இருந்தால் கூட ஒரு மதிப்பெண் போட்டிருப்பேன்.

'உண்மையே மாறுது' என்ற அண்ணனின் வாதம் எல்லா மாற்றத்தையும் ஒரே மூட்டையில் கட்டுகிறது. உலகமே மாறுவது உண்டு: மக்கள்தொகை 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டது என்று ஐநா கணக்கிட்டது, அதற்கு முந்தைய ஆண்டு அந்த எண் தவறாக இருந்திருக்கும். சொல்லின் வரையறை மாறுவதும் உண்டு, புளூட்டோ மாதிரி. இரண்டும் இல்லாமல் நம் அறிவு மட்டும் மாறுவது மூன்றாவது வகை. அண்ணன் மாதிரியானவர்கள் பெரும்பாலும் கையில் எடுப்பது இதைத்தான்: 'டாக்டர்களே நேற்று ஒன்று சொன்னார்கள், இன்று ஒன்று சொல்கிறார்கள்.'

சொன்னார்கள்தான். வயிற்றுப்புண்ணுக்கு மன அழுத்தமும் அமிலமும்தான் காரணம் என்று மருத்துவ உலகம் பல பத்தாண்டுகள் நம்பியது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இருவர், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது என்றார்கள். அமிலம் கொட்டிக்கிடக்கும் வயிற்றில் பாக்டீரியா எப்படிப் பிழைக்கும் என்று கேட்டவர்கள்தான் அதிகம். 1984இல் மார்ஷல் அந்தப் பாக்டீரியா கலந்த திரவத்தைத் தானே குடித்தார். சில நாட்களில் குமட்டல், வாந்தி. இரைப்பையில் அழற்சி வந்திருப்பது உள்நோக்கிச் சோதனையில் (எண்டோஸ்கோபி) தெரிந்தது. அவர் ஒருவர் குடித்ததாலேயே எல்லாம் நிரூபணமாகிவிடவில்லை. மேலும் ஆய்வுகள் நடந்து, ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் புண் ஆறி மறுபடி வராமல் இருக்கிறது என்று தெரிந்த பிறகே உலகம் ஒப்புக்கொண்டது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. இதில் மாறியது எது? பாக்டீரியா 1984க்கு முன்பும் அங்கேயேதான் இருந்தது. முன்பு சொன்னதும் வெறும் கருத்தாக இருக்கவில்லை. சரிபார்க்கக்கூடிய கூற்றாக இருந்தது. சரிபார்த்தபோது தோற்றது. சரிபார்க்கக்கூடிய கூற்றாக இருந்ததால்தான் அதனால் தோற்க முடிந்தது. 'எல்லாமே கருத்துதான்' என்றால் மார்ஷல் எதற்காக அதைக் குடித்தார்?

இன்னொரு பக்கமும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அண்ணனுக்கு அநியாயம் செய்தவனாவேன். தகவல் உசத்தி, கருத்து மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. வாழ்க்கையின் பெரிய முடிவுகள் எல்லாம் கருத்துகள்தான். எந்த வேலை, யாருடன் வாழ்வது, எது நியாயம் என்று எந்த அளவுகோலும் நமக்குச் சொல்லாது. கருத்துக்கும் கால் வேண்டும், அவ்வளவுதான். அது நிற்கும் தகவல்களைத் தட்டிப் பார்க்கும் உரிமை கேட்பவருக்கு உண்டு. "அந்த மருத்துவர் நல்லவர் இல்லை" என்று ஒருவர் சொன்னால், 'ஏன்' என்று கேட்கலாம். "இரண்டு முறை தவறான மருந்து எழுதினார்" என்றால் அது கால் உள்ள கருத்து. "பார்த்தாலே தெரியும்" என்றால் நொண்டிக் கருத்து. இரண்டும் கருத்துதான் என்பதால் இரண்டும் சமமாகிவிடாது.

நம் மொழியில் கருத்து ஒளிந்துகொள்ளும் இடங்கள் அலாதியானவை. "கூட்டத்துக்கு 40 பேர் வந்தார்கள்" என்பது தகவல். "40 பேர்தான் வந்தார்கள்" என்றால்? எண் அதேதான், ஆனால் 'தான்' என்ற இரண்டெழுத்துக்குள் எழுதியவரின் உதட்டுப் பிதுக்கல் உட்கார்ந்திருக்கிறது. "மழையிலும் 40 பேர் வந்தார்கள்" என்றால் அதே எண் கைதட்டலாகிவிடுகிறது. நிருபர் அனுப்பும் பிரதியில் நான் முதலில் தேடுவது பெரிய பெரிய பெயரடைகளை அல்ல. அவை கண்ணில் பட்டுவிடும். இந்தத் 'தான்', 'மட்டுமே', 'கூட' எல்லாம் எலி மாதிரி, சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும்.

வினைச்சொல் அதைவிட மோசம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு புகார்ச் செய்தியின் கடைசி வரியில் நிருபர், "அவரிடமிருந்து பதில் கிடைக்கவில்லை" என்று எழுதியிருந்தார். வாக்கியம் சப்பென்று இருப்பதாக எனக்குப் பட்டது. "அவர் பதிலளிக்க மறுத்துவிட்டார்" என்று திருத்தினேன். மறுநாள் காலையில் சம்பந்தப்பட்டவர் தொலைபேசியில் வந்தார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. "என்னிடம் யாருமே கேட்கவில்லையே சார். நான் எப்போது மறுத்தேன்?" என்றார். விசாரித்தால், நிருபர் இரண்டு தடவை அழைத்திருக்கிறார், இரண்டு தடவையும் மணி அடித்து ஓய்ந்திருக்கிறது. மறுப்பதற்கு முதலில் கேள்வி காதில் விழ வேண்டும். நான் திருத்தியது ஒரு வினைச்சொல்லை. அச்சில் ஏறியது அந்த மனிதரின் மனதைப் பற்றிய என் ஊகம், அதுவும் தகவலின் உடுப்பில். அடுத்த நாள் திருத்தம் வெளியிட்டோம், உள்பக்கத்தில், பொடி எழுத்தில்.

இதே மொழி நமக்கு ஒரு நல்ல கருவியும் கொடுத்திருக்கிறது. 'வந்தார்' வேறு, 'வந்தாராம்' வேறு. நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன் என்பதை ஒரே ஒரு 'ஆம்' சொல்லிவிடுகிறது. பல மொழிகளில் இதற்குத் தனியாக ஒரு வாக்கியம் வேண்டும். அண்ணனுக்கு இந்தச் செய்தியைச் சொன்ன யாரோ ஒருவர், அவருக்குச் சொன்ன இன்னொருவர், யாரோ முதலில் "நிலவிலிருந்து தெரியுமாம்" என்றுதான் சொல்லியிருப்பார். கை மாறும்போது முதலில் உதிர்வது அந்த 'ஆம்'தான். வந்து சேரும்போது 'தெரியும்' ஆகிவிடுகிறது.

கொஞ்சம் சங்கடமான இடத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் ஒரு வாக்கியம்: "அண்ணனுக்கு அறிவியல் மேல் மரியாதையே கிடையாது என்பது உண்மை." சகோதரி, இது எந்த வகை? ஒரு தவறான செய்தியைப் பகிர்ந்தார், சிரித்தார், இவை தகவல்கள். மரியாதை கிடையாது என்பது அவற்றிலிருந்து நீங்கள் எட்டிய முடிவு, அதாவது கருத்து. 'என்பது உண்மை' என்று முத்திரை குத்தினாலும் உள்ளே இருக்கும் சரக்கு மாறாது. உங்களைக் குறை சொல்லவில்லை, எல்லோரும் செய்வதுதான் இது. 2018இல் பியூ ஆய்வு மையம் அமெரிக்காவில் 5,035 பேரிடம் பத்து வாக்கியங்களைக் கொடுத்து, தகவல் கூற்று எது, கருத்து எது என்று பிரிக்கச் சொன்னது. ஐந்து தகவல் கூற்றுகளையும் சரியாக இனம் கண்டவர்கள் 26 சதவீதம் பேர். ஐந்து கருத்துகளையும் சரியாகச் சொன்னவர்கள் 35 சதவீதம். அதிலும், தங்கள் கட்சிக்குச் சாதகமான வாக்கியம் என்றால் அதைத் தகவல் என்று சொல்லும் போக்கு இரண்டு கட்சிக்காரர்களிடமும் இருந்தது. நமக்குப் பிடித்த கருத்து நம் கண்ணுக்குத் தகவலாகவே தெரிகிறது. உங்கள் கண்ணுக்கு அண்ணன் தெரிவதும் அப்படித்தானோ என்று ஒரு சந்தேகம் எனக்கு.

அண்ணனிடம் 'நீங்க சொன்னது தப்பு' என்று மறுபடி தொடங்க வேண்டாம். குழுவில் பத்துப் பேர் பார்க்க யாரும் இறங்கி வரமாட்டார்கள். தனியாகப் பேசும்போது கேளுங்கள்: "அண்ணா, சுவர் மகத்தானதுன்னு நீங்க சொல்றதுல எனக்குச் சண்டையே இல்ல. ஆனா நிலாவுல இருந்து தெரியுமா தெரியாதான்னு எப்படிக் கண்டுபிடிக்கலாம்? என்ன காட்டினா நீங்க ஒத்துக்குவீங்க?" இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். அவர் 'போய்ட்டு வந்தவங்க யாராவது சொல்லட்டும்' என்று சொன்னால், அவரும் அதைச் சரிபார்க்கக்கூடிய கூற்று என்று ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். அப்புறம் யாங் லிவெய் இருக்கிறார். 'எதைக் காட்டினாலும் ஒத்துக்கமாட்டேன்' என்றால் அவர் பேசிக்கொண்டிருப்பது சுவரைப் பற்றி இல்லை. அன்றைக்கு விட்டுவிடுங்கள், வேறு ஏதோ மனத்தாங்கலாக இருக்கும்.

குழுவிலிருந்து விலகுவதா என்பது தகவலும் இல்லை, கருத்தும் இல்லை, முடிவு. அதை நான் எடுக்க முடியாது. ஒரு பொய்ச் சுவருக்காக உறவில் நிஜச் சுவர் எழுப்ப வேண்டுமா என்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது. கருத்துதான், நீங்கள் தள்ளிவிடலாம்.

மகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் நானும் கொடுக்கிறேன். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், நிகழ்வு (ஆங்கிலத்தில் 'fact') என்றால் என்ன என்று விளக்க மூன்றாம் பிரிவில் சில உதாரணங்களைத் தந்தது. ஒருவர் குறிப்பிட்ட சொற்களைச் சொன்னார் என்பது ஒரு நிகழ்வு. ஒருவருக்குக் குறிப்பிட்ட ஒரு கருத்து இருக்கிறது என்பதும் ஒரு நிகழ்வு. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை முதல் புதிய சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அந்த நுணுக்கம் குழந்தைக்குப் பிடிக்கும்: கருத்து கருத்துதான், ஆனால் 'மாமாவுக்கு இந்தக் கருத்து இருக்கிறது' என்பது தகவல். இதை அவளுக்குச் சொல்லிவிட்டு, அந்த நோட்டைத் திறந்து ஆசிரியை சிவப்பு மையில் போட்டிருக்கும் மதிப்பெண்ணைக் காட்டுங்கள். 'பத்துக்கு ஒன்பது — இது எந்தப் பெட்டி?' என்று கேளுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.